அடைப்பின் சதவீதத்தைவிட அந்தச் சில நிமிடங்கள் முக்கியம்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. பல ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. புகைப்பழக்கத்தைக் குறைத்திருக்கிறார், ஆனால் விடவில்லை. அண்மையில் முழு உடல் பரிசோதனை செய்தபோது கழுத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். இடப்பக்க ரத்தக்குழாயில் 75 சதவீதம், வலப்பக்கத்தில் 40 சதவீதம் கொழுப்பு அடைப்பு என்று அறிக்கை வந்தது. ஒரு மருத்துவர் உடனே ஸ்டென்ட் (ரத்தக்குழாயை விரித்துவைக்கும் வலைக்குழாய்) வைக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், அறிகுறி எதுவும் இல்லையே, மாத்திரை போதும் என்கிறார். உறவினர் ஒருவர் இயற்கை முறையிலேயே அடைப்பைக் கரைத்துவிடலாம் என்கிறார். அப்பாவோ, உடம்பில் ஒன்றுமே இல்லாதபோது கொழுப்பு மாத்திரை எதற்கு என்று கேட்கிறார். அவருக்கு அவ்வப்போது தலைசுற்றல் வரும். அது இந்த அடைப்பினால்தானா? மற்றபடி ஒரு தொந்தரவும் இல்லை. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு காலை, இடது கண் சில நிமிடங்கள் திரை இறங்கியதுபோல் மறைந்து, தானே சரியாகிவிட்டது. கண் மருத்துவரிடம் காட்டினோம். கண்ணில் குறை இல்லை என்றார். எனக்கும் தம்பிக்கும் நாற்பதை ஒட்டிய வயது. நாங்களும் இந்த ஸ்கேனை எடுத்துக்கொள்ள வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

‘மற்றபடி ஒரு தொந்தரவும் இல்லை’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே கண் மறைந்ததைச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான செய்தி அதுதான். அதைப் படித்தவுடன், பக்கவாதச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அப்பாவை இன்றே அழைத்துச் செல்லுங்கள் என்று உங்களுக்குத் தனியே பதில் அனுப்பிவிட்டேன். ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். இதே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பி நிற்கும் மற்றவர்களுக்கும் அது உதவும்.

கழுத்தின் இருபுறமும் மேலேறும் கரோட்டிட் தமனி, தாடைக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கும் தலையின் மேற்பகுதிக்கும் போகிறது. மற்றது மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. பிரியும் இடத்தில் ரத்தம் நேராக ஓடாமல் சுழித்து ஓடுவதால் அங்குள்ள உட்சுவர் எளிதில் பழுதடைகிறது. உயர் ரத்த அழுத்தம், புகை, சர்க்கரை, எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு ஆகியவை பல ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்யும்போது கொழுப்பும் சுண்ணாம்பும் நார்த்திசுவும் கலந்த படிவு அந்த இடத்தில்தான் வளர்கிறது.

பெரும்பாலோர் இதை அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாயைப் போல நினைத்துக்கொள்கிறார்கள். ரத்தம் குறைவாகப் போகிறது, முழுதும் அடைத்துவிட்டால் பக்கவாதம் வரும் என்பது அவர்கள் கணக்கு. உண்மையில், மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் ஒன்றோடொன்று வளையமாக இணைந்திருக்கின்றன. ஒரு பக்கம் வரத்து குறைந்தால் மறுபக்கம் ஈடுகட்டும். அதனால்தான் ஒரு பக்கத் தமனி மெல்ல மெல்ல முழுவதும் அடைபட்ட பிறகும், அது தெரியாமலேயே நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் ஆபத்து வருவது வேறு வழியில். படிவின் மேல்மூடி கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. உறைகட்டியிலிருந்தோ படிவிலிருந்தோ ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு மேலே போகிறது. அது கண்ணின் தமனிக்குள் போனால் பார்வை மறையும். மூளைக்குள் போனால் பேச்சோ கையோ காலோ போகும்.

உங்கள் அப்பாவுக்கு இடப்பக்கம் அடைப்பு இருக்கிறது; மறைந்ததும் இடது கண்தான். கண்ணைப் பொறுத்தவரை அடைப்பும் அறிகுறியும் ஒரே பக்கத்தில் இருக்கும். துணுக்கு கரைந்தோ நகர்ந்தோ போய்விட்டால் பார்வை திரும்பிவிடும், கண்ணில் அடையாளமும் பெரும்பாலும் மிஞ்சாது. ஆகவே குறை இல்லை என்று கண் மருத்துவர் சொன்னது சரிதான். தேட வேண்டிய இடம் கழுத்து. மூளையைப் பொறுத்தவரை பக்கம் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். இடது கழுத்திலிருந்து துணுக்கு போனால் வலது கை, வலது கால் பாதிக்கப்படும். பேச்சு மையம் பெரும்பாலோருக்கு இடது மூளையில் இருப்பதால் பேச்சும் குழறலாம், சொல் கிடைக்காமல் தடுமாறலாம். இவை சில நிமிடங்களில் சரியாகிவிட்டால் தற்காலிகப் பக்கவாதம் என்கிறோம். சரியாகிவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டிய நேரம் அதுவன்று. முழுப் பக்கவாதம் வரும் வாய்ப்பு அதற்கு அடுத்த சில நாள்களிலும் முதல் இரண்டு வாரங்களிலும்தான் மிக அதிகம். கண்ணில் மட்டும் வந்த அறிகுறிக்கு, கைகாலில் வந்ததைவிட ஆபத்து ஓரளவு குறைவு என்பது உண்மை. ஆனாலும் அதை ஒதுக்கிவிட முடியாது. உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை மூன்று வாரங்கள் ஏற்கெனவே கழிந்துவிட்டன.

இப்போது அந்த இரண்டு மருத்துவர்களின் கருத்துக்கு வருகிறேன். கண் மறைந்ததை அவர்களிடம் சொன்னீர்களா? கடிதத்தைப் பார்த்தால் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது. மாத்திரை போதும் என்றவர், அறிகுறி இல்லை என்ற தகவலை வைத்துக்கொண்டு சொன்ன யோசனை அது. அந்தத் தகவல் சரியாக இருந்திருந்தால் அவருடைய யோசனை முற்றிலும் ஏற்கத்தக்கது. கழுத்துத் தமனி அடைப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை சதவீதம் என்பதன்று. கடந்த ஆறு மாதங்களில் அந்தப் பக்கத்துக் கண்ணிலோ மூளையிலோ ஏதாவது நிகழ்ந்ததா என்பதுதான். அதற்குரிய பதிலைப் பொறுத்து, ஒரே 75 சதவீதம் இரண்டு வெவ்வேறு நோய்களாக நடந்துகொள்கிறது.

அறிகுறி தோன்றியவர்களிடம் நடந்த முக்கியமான ஆய்வின் முடிவு 1991இல் வெளியானது. வட அமெரிக்காவில் நடந்த அந்த ஆய்வில், 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் இருந்தவர்களில் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் அடைப்புள்ள அதே பக்கத்து மூளையில் பக்கவாதம் வரும் வாய்ப்பு 26 சதவீதமாக இருந்தது. படிவை நீக்கும் அறுவை செய்துகொண்டவர்களுக்கு அது 9 சதவீதமாகக் குறைந்தது. மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அரிதாகவே கிடைக்கும். 50 முதல் 69 சதவீதம் வரை பலன் உண்டு, ஆனால் குறைவு. 50க்குக் கீழே அறுவையால் பலன் இல்லை. இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. இரண்டு வாரங்களுக்குள் அறுவை செய்தால் ஐந்து பேருக்குச் செய்து ஒரு பக்கவாதத்தைத் தடுக்கலாம் என்றும், மூன்று மாதம் கடந்துவிட்டால் ஒரு பக்கவாதத்தைத் தடுக்க நூறு பேருக்கும் மேல் செய்ய வேண்டியிருக்கும் என்றும் பிற்காலக் கணக்கீடு காட்டியது. யோசித்துச் சொல்கிறோம் என்று வீட்டுக்குத் திரும்பிப் போகும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் மனத்தில் ஓடும்.

அதற்காக, முதல் மருத்துவர் சொன்னபடி நேரே ஸ்டென்ட் வைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் அடைப்பின் அளவை உறுதிசெய்ய வேண்டும். டாப்ளர் ஸ்கேன் சுருக்கத்தை நேரடியாக அளப்பதைவிட, ரத்தம் அந்த இடத்தைக் கடக்கும் வேகத்திலிருந்தே பெரும்பாலும் கணிக்கிறது. வேகம் நொடிக்கு 230 சென்டிமீட்டரைத் தாண்டினால் பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல் என்று கொள்கிறார்கள். எடுப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்து இது மாறும். அளக்கும் முறையிலும் இரண்டு வகை இருப்பதால், ஒரே அடைப்பு ஓர் அறிக்கையில் 50 என்றும் மற்றொன்றில் 70க்கு மேல் என்றும் வரக்கூடும். ஆகவே ரத்தக்குழாய்களைப் படம்பிடிக்கும் சிடி ஆஞ்சியோ அல்லது எம்ஆர் ஆஞ்சியோ எடுத்துப் பார்ப்பார்கள். சிடிக்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டைச் சோதிப்பார்கள். மூளையின் எம்ஆர்ஐ ஸ்கேனும் தேவை. வெளியே தெரியாமல் நிகழ்ந்த சிறு சேதங்கள் அதில் தெரியவரும். ஈசிஜி எடுத்து இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உறைகட்டி இதயத்திலிருந்தும் வரலாம். 50 வயதைத் தாண்டியவருக்கு ஒரு கண் மறைந்தால், நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சி என்ற வேறொரு நோயையும் விலக்க வேண்டும். புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடையில் வலி இருக்கிறதா என்று கேட்டு, அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் ரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

70 சதவீதத்துக்கு மேல் என்பது உறுதியானால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கழுத்தில் கீறித் தமனியைத் திறந்து படிவை முழுதாக உரித்தெடுத்துவிட்டு, பெரும்பாலும் ஒரு ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்து மூடுவது. 1950களிலிருந்து செய்யப்பட்டுவரும் அறுவை இது. மற்றது, தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் குழாயைச் செலுத்தி, துணுக்குகளைப் பிடிக்க ஒரு சிறு வடிகட்டியை விரித்துக்கொண்டு, ஸ்டென்ட் வைப்பது. ஸ்டென்ட்டில் கீறல் இல்லை, அதனால் அதுதான் ‘சிறிய’ சிகிச்சை என்று குடும்பத்தினர் எண்ணுவது இயல்பு. 2010இல் வெளிவந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய நாள்களில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பக்கவாதம் சற்று அதிகமாகவும், அறுவை செய்துகொண்டவர்களுக்கு மாரடைப்பு சற்று அதிகமாகவும் வந்தது. 70 வயதை நெருங்க நெருங்க, அதற்கு மேல் போகப் போக, அறுவையே பாதுகாப்பானதாகத் தெரிந்தது. வயதானவர்களுக்கு, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவு முறுக்கிக்கொண்டும் படிவு படர்ந்தும் இருக்கும். அதன் வழியே குழாயைச் செலுத்தும்போதே துணுக்கு பெயரலாம்.

அதனால் உங்கள் அப்பாவின் வயதில், அண்மையில் அறிகுறி வந்த நிலையில், வேறு தடை இல்லை என்றால் அறுவையைத்தான் நான் முதலில் யோசிப்பேன். கழுத்தில் முன்பே கதிரியக்கச் சிகிச்சையோ அறுவையோ செய்தவர்கள், அடைப்பு கத்திக்கு எட்டாத உயரத்தில் இருப்பவர்கள், இதயம் மிகவும் பலவீனமானவர்கள் ஆகியோருக்கு ஸ்டென்ட் நல்ல வழி. அறுவையின்போது கழுத்தில் ஓடும் நரம்புகள் இழுபட்டுக் குரல் கம்முவதும், நாக்கு ஒருபக்கம் கோணுவதும் சிலருக்கு நேர்வதுண்டு. பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும்.

எந்த வழியானாலும், செய்யப்போகிறவரிடம் தயங்காமல் ஒன்றைக் கேளுங்கள்: ‘உங்கள் கையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்திருக்கிறது?’ அறிகுறி உள்ளவர்களிடம் அது 6 சதவீதத்துக்குக் கீழும், அறிகுறி இல்லாதவர்களிடம் 3 சதவீதத்துக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது நெடுநாளாக ஏற்கப்பட்ட வரம்பு. தன் கணக்கை வைத்திருக்கும் மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

சிகிச்சைக்குப் பிந்தைய நாள்களில் ரத்த அழுத்தத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். நெடுநாள் குறைந்த ஓட்டத்துக்குப் பழகிய மூளைக்குத் திடீரென அதிக ரத்தம் பாயும்போது, அந்தப் பக்கமாகக் கடும் தலைவலியோ வலிப்போ வரலாம்; அரிதாக மூளைக்குள் ரத்தக்கசிவும் ஏற்படலாம். வீடு திரும்பிய பிறகு முதல் சில வாரங்களில் அப்படித் தலைவலி வந்தால் வலிமாத்திரை கொடுத்துப் படுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வலப்பக்க 40 சதவீதத்துக்கு எந்தத் தலையீடும் வேண்டாம். அதற்கு மருந்தும் ஆண்டுக்கொரு ஸ்கேனும் போதும்.

அறிகுறியே இல்லாமல், தற்செயலாகக் கண்டறியப்பட்ட அடைப்போடு இதைப் படிக்கும் வாசகர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். உங்கள் கையில் நேரம் இருக்கிறது. யாரும் உங்களை அன்றைக்கே ஆபரேஷன் மேசையில் படுக்கவைக்கத் தேவையில்லை. 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பிருந்தும் அறிகுறி இல்லாதவர்களிடம் நடந்து, 2025இல் வெளிவந்த ஆய்வில், இன்றைய தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பெரும்பாலோர் நான்கு ஆண்டுகளைப் பக்கவாதமின்றிக் கடந்தார்கள். சிகிச்சையையொட்டிய பக்கவாதம், மரணம், பிறகு வந்த அதே பக்கப் பக்கவாதம் எல்லாம் சேர்ந்து 5 முதல் 6 சதவீதம்தான். மருந்தோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்களுக்கு அது 3 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே குறைந்தது. அறுவையால் கிடைத்த குறைவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. தேர்ந்த கைகள் செய்த முடிவுகள் இவை என்பதை மறக்க வேண்டாம். வயது, ஆயுள் எதிர்பார்ப்பு, படிவின் தன்மை, ஓராண்டில் அது வளரும் வேகம் ஆகியவற்றைப் பார்த்து, நிதானமாகப் பேசி முடிவெடுக்கலாம். தமனி முழுவதும் அடைபட்டு 100 சதவீதம் என்று வந்திருந்தால் அதைத் திறக்கப் பொதுவாக முயல்வதில்லை. ஓட்டமே இல்லாத இடத்தைத் திறப்பதில் ஆபத்துதான் அதிகம்.

இனி, கொழுப்பு மாத்திரை எதற்கு என்ற அப்பாவின் கேள்வி. அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் அவருடைய மீதி வாழ்நாளைக் காக்கப்போவது அந்த மாத்திரைகள்தான். அறுவை கழுத்தில் ஓரிடத்தைச் சுத்தம் செய்கிறது. கழுத்தில் படிவு உள்ளவருக்கு இதயத்தின் தமனிகளிலும் கால்களின் தமனிகளிலும் அது இருக்க வாய்ப்பு மிக அதிகம். அறிகுறியில்லாத கழுத்து அடைப்பு உள்ளவர்களின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பக்கவாதமன்று, மாரடைப்பு. ஸ்டாட்டின் மாத்திரை ரத்தத்திலுள்ள கொழுப்பைக் குறைப்பதோடு, படிவுக்குள் இருக்கும் அழற்சியைத் தணித்து அதன் மேல்மூடியை உறுதியாக்குகிறது. கிழியாத படிவு துணுக்கை அனுப்பாது. எல்டிஎல் அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதல் 55க்குக் கீழே என்கிறது. ஸ்டாட்டின் மட்டும் போதாவிட்டால் எசெட்டிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையைச் சேர்ப்பார்கள். அதுவும் போதாதவர்களுக்கு ஊசி மருந்துகள் இருக்கின்றன. அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தும் பழக்கம் பலரிடம் உண்டு. மாத்திரை போடுவதால்தான் அளவு சரியாக இருக்கிறது. தசைவலி வந்தால் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. அறிகுறி வந்த புதிதில் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் சேர்த்துச் சில வாரங்கள் தருவதுண்டு. ஸ்டென்ட் வைத்தால் குறைந்தது ஒரு மாதமாவது இரண்டும் வேண்டும். பிறகு ஒன்று மட்டும் வாழ்நாள் முழுவதும். இரண்டையும் தேவைக்கு மேல் தொடர்ந்தால் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து கூடும். பல் பிடுங்குவதற்காக யாரோ சொன்னார்கள் என்று நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தோடு வருகிறவர்கள் உண்டு. நிறுத்துமுன் எழுதித் தந்த மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழே இருப்பது நல்லது. ஆனால் இருபுறமும் கடும் அடைப்பு உள்ளவர்களுக்குத் திடீரெனக் குறைக்கக் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும். புகையைப் பற்றி அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: குறைத்தது போதாது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு என்றாலும் ரத்தக்குழாய்க்குக் கேடு கிட்டத்தட்டப் பாதி மிஞ்சுகிறது. மனஉறுதி மட்டும் போதாது என்றால் நிக்கோடின் பட்டை, சூயிங்கம், மாத்திரைகள் இருக்கின்றன. உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உறவினர் சொல்லும் இயற்கைக் கரைப்பு முறையைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். சுண்ணாம்பும் நாரும் கலந்து இறுகிய படிவைக் கரைக்கும் கஷாயமோ, பொடியோ, நரம்பு வழியாக ஏற்றும் ‘சுத்திகரிப்பு’ மருந்தோ இல்லை. அவர் அன்பினால்தான் சொல்கிறார். அந்த அன்புக்காக இந்த வாரங்களை இழந்துவிடாதீர்கள். சத்தான உணவும் தினசரி நடையும் மாத்திரைகளுக்குத் துணை நிற்கும். அவற்றுக்குப் பதிலாக நிற்காது. கழுத்தை அழுத்திப் பிசைவதும், சொடுக்கெடுக்கத் திருப்புவதும் அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம்.

தலைசுற்றல் மட்டும் தனியே வந்தால் அதற்குக் கரோட்டிட் அடைப்பு காரணமாக இருப்பது அரிது. உட்காதுக் கோளாறோ, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவதோதான் பெரும்பாலும் காரணம். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அழுத்த மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்றினாலே தீர்ந்துவிடலாம்.

முகம் ஒருபக்கம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், கண் மீண்டும் மறைந்தால், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய தமனியில் சிக்கிய கட்டியைக் குழாய் வழியாக எடுப்பதற்குச் சிலருக்கு 24 மணி நேரம் வரை வாய்ப்புண்டு. வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அது அடைப்பா ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

கடைசியாக, உங்களுக்கும் தம்பிக்கும் ஸ்கேன் வேண்டுமா என்ற கேள்வி. வேண்டாம். அறிகுறியில்லாத எல்லோருக்கும் கழுத்தில் டாப்ளர் எடுப்பதைப் பெரும்பாலான வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. பொய்யாக அடைப்பு காட்டி, தேவையற்ற ஆஞ்சியோவுக்கும் அறுவைக்கும் அது இழுத்துச் செல்லக்கூடும். அதற்குப் பதிலாக இருவரும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். அப்பாவின் நோயை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். எல்டிஎல் கூடுதலாக இருந்தால் மாத்திரையைச் சற்று முன்னதாகவே தொடங்கலாமா என்று அவர் முடிவுசெய்ய அது உதவும். தம்பி புகைப்பவராக இருந்தால், அப்பாவோடு சேர்ந்தே விடட்டும். வீட்டில் இருவர் சேர்ந்து விடுவது ஒருவர் தனியாக விடுவதைவிட எளிது.